அடிக்கோடும் பரப்பும்: பஞ்சச் சாவுகளைக் கணித்தல் பற்றிய சில குறிப்புகள்

1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் நவீன இந்திய இலக்கியத்தையும் கலையையும் ஆழமாகப் பாதித்த நிகழ்ச்சியாகும். பிஜன் பட்டாச்சாரியாவின் ‘நபான்ன’ நாடகம் (1944), ஜைனுல் ஆபெதீன், சித்தபிரசாத் ஆகியோரின் கோட்டோவியங்கள், விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் நாவலைத் தழுவிச் சத்யஜித் ராய் நெறிப்படுத்திய ‘அஷானி சங்கேத்’ திரைப்படம் (1973) என்பன பற்றி எழுதுவோர் முதற் பந்தியிலேயே மாண்டோர் தொகையொன்றைக் குறிப்பிடுவது வழக்கம். அத்தொகையோ ஆளுக்காள் மாறுபடுகின்றது. ராயின் படம் 50 இலட்சத்துக்கு மேல் என்ற அறிவிப்புடன் முடிவடைகின்றது. சேர் ஜோன் வூட்ஹெட் தலைமையிலான பஞ்ச விசாரணை ஆணைக்குழு 1945இல் 15 இலட்சம் என்றது. கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியல் துறையினர் 35 இலட்சம் என்றனர். அமர்த்யா சென் ஏறத்தாழ 30 இலட்சம் எனக் கணித்தார். 1991இல் ரிம் டைசனும் அரூப் மகாரத்னாவும் 21 இலட்சம் என்ற முடிவுக்கு வந்தனர். எனது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் நான் 35 இலட்சம் என்று எழுதியிருந்தேன். ஏன் அவ்வாறு எழுதினாய் எனத் தேர்வாளர் எவரும் வினவவில்லை. நானும் என்னை வினவிக்கொள்ளவில்லை. பெரிய எண் நமது சார்பைக் காட்டுவதாக அன்று எனக்குத் தோன்றியிருத்தல் கூடும்.

இவ்வேறுபாடுகளைக் கண்டவிடத்து, ஒரு சாரார் பொய்யுரைத்தனர் என்று கருதுவது எளிது. ஆயின் இக்கணிப்பாளருட் பலர் கையாண்ட மூலத் தரவு பெரும்பாலும் ஒன்றே: வங்காளக் கிராமங்களிலிருந்து பெறப்பட்ட இறப்புப் பதிவேடுகள். ஒரே தரவிலிருந்து வெவ்வேறு தொகைகள் பிறப்பதற்குக் காரணங்கள் சிலவுள. அவற்றுள் அதிகம் பேசப்படாததும், கணிதம் பயிலாத நம்மனோர் கவனிக்கத் தவறுவதுமான ஒன்றையே இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. அது அடிக்கோடு பற்றிய பிரச்சினையாகும்.

வரைபுத்தாள் ஒன்றிற் கிடையச்சிலே மாதங்களையும் நிலைக்குத்தச்சிலே அவ்வம் மாதத்திற் பதிவான இறப்புக்களையும் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் ஒரு வளையி கிடைக்கும். இவ்வளையிக்கும் கிடையச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு, அக்காலப்பகுதியில் இறந்தோரின் மொத்தத் தொகையாகும். பரப்பைக் காண்பதிற் பெரிய சிக்கல் எதுவுமில்லை. மாதத்துக்கொரு சரிவகமாகப் பகுத்துக் கூட்டினாற் போதும். ஆனால் நாம் அறிய விரும்புவது மொத்த இறப்பை அன்று. பஞ்சம் வராதிருந்தாலும் முதியோர் இறந்திருப்பர். பிள்ளைப்பேற்றிற் பெண்கள் இறந்திருப்பர். பாம்பு கடித்துச் சிலர் மாண்டிருப்பர். பஞ்சம் கொன்றவர்களை மட்டும் பிரித்தறிய வேண்டுமாயின், பூச்சியத்தில் உள்ள கிடையச்சை விடுத்து அதற்கு மேலே இன்னொரு கோட்டை வரைதல் வேண்டும். ‘வழமையாக’ எத்தனை பேர் இறந்திருப்பர் என்பதைக் காட்டும் கோடு அது. வளையிக்கும் அக்கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பே மேலதிக இறப்பு.

இங்கு மனங்கொளற்பாலது யாதெனில், இப்பரப்பின் இரு எல்லைகளும் ஒரே தன்மையன அல்ல என்பதாகும். மேல் எல்லையாகிய வளையி, குறைபாடுகள் உடையதாயினும், நிகழ்ந்ததன் பதிவு. கீழ் எல்லையோ நிகழாத ஒன்றின் உருவம். பஞ்சமில்லாத 1943ஆம் ஆண்டு வங்காளம் ஒன்று எங்கும் இருந்ததில்லை. அதன் இறப்புப் பதிவேட்டை எந்தக் காரியாலயத்திலும் தேடிப் பெறமுடியாது. அதை ஆய்வாளன் கடந்த காலத்திலிருந்து எடுகோள்களின் துணைகொண்டு அமைக்கவேண்டியுள்ளது. கணிதத்தின் கண்டிப்பு முழுவதும் கோடு வரைந்த பின்னரே தொடங்குகின்றது.

ஆணைக்குழுவினர் 1938 முதல் 1942 வரையிலான ஐந்தாண்டுச் சராசரியை அடிக்கோடாகக் கொண்டனர். அச்சராசரி ஆண்டுக்கு 11.8 இலட்சம், 1943இற் பதிவான இறப்புக்கள் 18.7 இலட்சம். ஆகவே அவ்வாண்டின் மேலதிகம் 6.9 இலட்சம். 1944இன் முதல் அரையாண்டுக்கு மேலும் 4.2 இலட்சம். கூட்டினால் ஏறத்தாழ 11 இலட்சம். பதிவு நிறைவானதன்று என்பதை ஏற்று அவர்கள் அதனை 15 இலட்சமாக உயர்த்தினர். கிராமத்தில் இறப்பை அறிவிக்கும் பொறுப்பு சவுக்கிதார் எனப்பட்ட காவற்காரனுடையது. பஞ்சத்தில் அவனும் பசித்தான். அவனும் ஊரைவிட்டுப் போனான் அல்லது இறந்தான். பதிவு எக்காலத்திலும் ஒரே அளவு குறைவாயின், வளையியையும் அடிக்கோட்டையும் ஒரே காரணியாற் பெருக்கித் திருத்திவிடலாம். பஞ்சகாலத்தில் மட்டும் குறைபாடு மிகுந்தமையால் வளையி மாத்திரம் தாழ்ந்து, அடிக்கோடு தன் இடத்திலேயே நின்றுவிடுகின்றது. சாவு மிகுந்த ஊரிலேயே சாவின் பதிவு குறைகின்ற இந்நிலையை எந்தப் பெருக்கற் காரணியும் முற்றாகச் சரிசெய்வதில்லை.

சென் தமது கணிப்பை முதலில் 1980இல், டானியல் தோனர் நினைவாக ஹொப்ஸ்போமும் பிறரும் தொகுத்த நூலில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலின் பின்னிணைப்பொன்றிலும் அது இடம்பெற்றது. அவர் எடுத்தாண்ட மேற்கு வங்காளப் பதிவுகளை இங்கு முழு ஆயிரங்களிற் தருகின்றேன். 1941இல் 384 ஆயிரம், 1942இல் 348, 1943இல் 624, 1944இல் 577, 1945இல் 449, 1946இல் 415. வாசகர் தாமே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 1941, 1942 ஆகிய ஈராண்டுகளின் சராசரியான 366 ஆயிரத்தை அடிக்கோடாக்கினால், 1943 முதல் 1946 வரையிலான நான்காண்டு மேலதிகம் 601 ஆயிரமாகும். 1942ஐ மட்டும் அடிக்கோடாக்கினால் 673 ஆயிரமாகும். கோடு 18 ஆயிரமே தாழ்ந்தது. பரப்போ 72 ஆயிரம் கூடிற்று.

காரணம் வெளிப்படை. அடிக்கோட்டின் உயரத்தில் ஏற்படும் வேறுபாடு, அடிப்பக்கத்தின் நீளத்தாற் பெருக்கப்படுகின்றது. நான்காண்டு என்றால் நான்கு மடங்கு. இதிலிருந்து நடைமுறைப் பயனுள்ள ஒரு விதி கிடைக்கின்றது: குறுகி உயர்ந்த வளையியின் பரப்பை அடிக்கோடு அதிகம் பாதிப்பதில்லை, தாழ்ந்து நீண்ட வளையியின் பரப்பு அடிக்கோட்டின் தயவிலேயே நிற்கின்றது. மேற்குறித்த எண்களிலேயே இதனைக் காணலாம். 1943இன் மேலதிகம் 258 ஆயிரமா 276 ஆயிரமா என்பது நூற்றுக்கு ஏழு அளவிலான வேறுபாடு. 1946இன் மேலதிகம் 49 ஆயிரமா 67 ஆயிரமா என்பதோ நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வேறுபாடு. வீதியோரத்திற் பிணங்கள் கிடக்கும் மாதங்களைப் பற்றிக் கருத்துவேறுபாடு குறைவு. பஞ்சம் முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பின்னர், காய்ச்சலிலும் பலவீனத்திலும் ஆரவாரமின்றி மடிந்தோரைப் பற்றியே கருத்துவேறுபாடு வளர்கின்றது.

சென் எழுப்பிய முதன்மையான ஆட்சேபம் இங்கேதான் பொருந்துகின்றது. அவர் அடிக்கோட்டின் உயரத்தை மட்டுமன்றி அதன் வலப்பக்க முனையையும் கேள்விக்குள்ளாக்கினார். ஆணைக்குழு 1944 யூனுடன் கணக்கை முடித்துக்கொண்டது. பட்டினியாற் நேரடியாக மாண்டோர் தொகை 1943 செப்தெம்பர், ஒக்டோபர் மாதங்களில் மிகுந்திருந்தது. ஆயினும் எல்லாக் காரணங்களாலும் பதிவான இறப்புக்கள் உச்சத்தை எட்டியது டிசெம்பரிலேயே. அப்போது மலேரியா உச்சத்தில் இருந்தது. அதற்கு முன்னர் வாந்திபேதி, பின்னர் பெரியம்மை. டிசெம்பரோ ஆமன் நெல் அறுவடையாகும் காலம். மேலே கண்ட மேற்கு வங்காளக் கணக்கில் 1945, 1946 ஆகிய ஈராண்டுகள் மட்டும் 132 ஆயிரம், அதாவது மொத்த மேலதிகத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல். 1947இற் பிரிவினையும் அகதிப் பெயர்வும் குறுக்கிட்டமையால் அதற்கப்பாற் கணக்கைத் தொடர்வது தகாது. மக்களே இடம் மாறிய பின் பழைய கோடு யாருக்குரியது என்ற கேள்வி எழும்.

இவ்விடத்தில் இலக்கிய மாணவன் ஒருவன் ஒரு செய்தியைக் குறிப்பிடாது செல்லவியலாது. ‘நபான்ன’ என்பது புத்தரிசி விழா. நம்மவரின் புதிரெடுத்தலுக்கு ஒப்பானது. கல்கத்தாவுக்குப் பிச்சையெடுக்கப் போன குடியானவர்கள் ஊர் திரும்பிப் புத்தரிசி விழாக் கொண்டாடுவதுடன் நாடகம் நிறைவுறுகின்றது. அக்காலத்து மக்கள் நாடக இயக்கத்துக்கு அந்த நம்பிக்கை தேவையாயிருந்தது. அதனைக் குறையாகக் கூறுவது என் நோக்கமன்று. எனினும் பதிவேட்டின்படி, மிக அதிகமானோர் இறந்தது புத்தரிசி வந்த அந்த நாட்களிலேயே. நாடகாசிரியரும் ஆணைக்குழுவினரும் முற்றிலும் எதிரெதிரான நோக்கங்களுடன், உணவு வந்தவுடன் பஞ்சம் முடிகின்றது என்ற ஒரே எடுகோளைக் கையாண்டுள்ளனர்.

அடிக்கோடு கிடையாகவே இருக்கவேண்டும் என்ற நியதியுமில்லை. ஒரு நாட்டின் இறப்பு வீதம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருமாயின், கடந்த ஐந்தாண்டுச் சராசரியைக் கிடையாக நீட்டுவது ‘வழமை’யை மிகைப்படுத்தி மேலதிகத்தைக் குறைத்துவிடும், அங்கே சாய்ந்த கோடே பொருத்தமானது. ஆனால் சாய்வை எவ்வளவு தூரம் நம்பி நீட்டலாம்? உலக சுகாதார நிறுவனம் 2022இல், கொவிட் பெருந்தொற்றின் முதல் ஈராண்டுகளில் (2020, 2021) உலகில் 1.49 கோடிப் பேர் மேலதிகமாக இறந்தனர் என அறிவித்தது. அவ்வேளை ஜேர்மனிக்கு வரைந்த அடிக்கோடு, முந்திய சில ஆண்டுகளின் சிறு வளைவைப் பின்பற்றி அளவுமீறிக் கீழே சென்றமையால் அந்நாட்டின் மேலதிகம் மிகைப்பட்டது. பின்னர் அது திருத்தப்பட்டது. பேரழிவின் பின் வளையி கோட்டுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. நலிந்தோர் முன்னரே இறந்துவிட்டமையால் எஞ்சியோரிடையே சாவு குறைகின்றது. அந்த எதிர்ப்பரப்பைக் கழிக்கவேண்டுமா? இரத்தத்திற் குளுக்கோசின் ஏற்றத்தை அளக்கும் மருத்துவ ஆய்வாளர், உண்பதற்கு முந்திய மட்டத்துக்குக் கீழான பரப்பைப் பொதுவாகப் புறக்கணிப்பர். பஞ்சக் கணக்கிற் கழிக்கலாம் என்பார் உளர். எனக்கு அது உடன்பாடன்று. ஈராண்டு முன்னதாக இறந்தவன் ஈராண்டு வாழ்வை இழந்தவனே.

இதுவரை ‘வழமை’ என்ற சொல்லை ஐயமின்றிக் கையாண்டோம். அச்சொல்லையே சற்று உற்றுநோக்குதல் வேண்டும். அதற்கு நமது நாட்டின் வரலாற்றிலேயே பொருத்தமான சான்று உண்டு.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியமையால், அவ்வாண்டின் இறுதியில் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையிற் பரவியது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிகக் கொடுமையாகப் பாதிக்கப்பட்டன. எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணியாற்றியதும், 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு அவ்வனுபவம் துணைநின்றதும் நாமறிந்தவை. 1935இல் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 36.6. அயல் ஆண்டுகளில் அது 21, 22 அளவிலேயே இருந்தது. 22ஐ அடிக்கோடாகக் கொண்டு, அன்றைய 56 இலட்சம் குடித்தொகையாற் பெருக்கினால் மேலதிக இறப்பு ஏறத்தாழ 82,000. வரலாற்று நூல்களில் வழங்கும் 80,000 என்ற தொகைக்கு இது அண்மித்தது.

இக்கணக்கிற் பிழையில்லை. ஆயினும் அது கேகாலையை ஒளியிலும் வன்னியை இருளிலும் நிறுத்துகின்றது. அநுராதபுரம், வவுனியா, முல்லைத்தீவு போன்ற உலர் வலயப் பகுதிகளில் மலேரியா என்றும் குடியிருந்தது. அங்குள்ளோர் ஓரளவு எதிர்ப்பாற்றலும் பெற்றிருந்தமையால் 1935இன் கொள்ளைநோய் அங்கே ஈர வலய ஓரங்களிற் போலத் தாக்கவில்லை. அங்கு வளையி உயரவில்லை, ஏனெனில் அது முன்னரே உயரத்திற் கிடந்தது. வழமையே பெருஞ்சாவாக இருந்த இடத்தில் மேலதிகம் சிறிதாகவே தோன்றும். ஒரு மாவட்டத்தின் துயரம் நிரந்தரமானதாயின் அது பரப்பாக அன்றி அடிக்கோடாகப் பதிவாகின்றது. கழித்தற் கணக்கில் அது முதலிலேயே கழிக்கப்பட்டுவிடுகின்றது.

பின்னர் நிகழ்ந்தது இதனை இன்னும் தெளிவாக்கும். 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆகச் சரிந்தது. இதில் டி.டி.ரி. தெளித்தலின் பங்கு எவ்வளவு, மருத்துவ வசதிகளினதும் உணவு விநியோகத்தினதும் பங்கு எவ்வளவு என்பது நியூமன், கிறே, மீகம ஆகியோரிடையே நீண்டகாலம் விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்திலும் எந்த ஆண்டுகளை அடிப்படையாகக் கொள்வது என்பது முக்கியமான கேள்வியாயிருந்தது. நமக்கு வேண்டியது வேறொன்று. 14ஐ அடிக்கோடாகக் கொண்டு 1935ஐ மீண்டும் கணித்தால் மேலதிகம் 82,000 அன்று, ஏறத்தாழ 1,27,000. இடைப்பட்ட 45,000 சாவுகள் கொள்ளைநோயின் சாவுகள் அல்ல. அவை முப்பதுகளின் ஒவ்வொரு ‘சாதாரண’ ஆண்டிலும் ஏறத்தாழ அதே அளவில் நிகழ்ந்து, எவராலும் கொள்ளை என்று அழைக்கப்படாதவை. கோடு சரிந்த பின்னரே அது இயற்கையன்று, வரலாறு என்பது புலனாயிற்று. வழமை என்பது ஒரு சமூக அமைப்பு தன் மக்களுக்கு விதித்திருக்கும் சாவின் அளவு.

இதிலிருந்து, ஆகவே எல்லா எண்களும் அரசியலே, எவரும் தமக்கு விருப்பமான கோட்டை வரையலாம் என்ற முடிவுக்குச் சிலர் தாவுவர். அது கருத்துமுதல்வாதம், நமது அணியினர் அதில் வீழ்வது வருந்தத்தக்கது. 1935இன் குடியேற்ற அரசு டி.டி.ரி. தெளிக்கவில்லை எனக் குற்றஞ்சாட்ட முடியாது. அன்று அது பயன்பாட்டிலேயே இருக்கவில்லை. கொள்ளைநோய் எத்தனை பேரைக் கொன்றது என்பது கேள்வியாயின் 22 சரியான கோடு. தடுக்கக்கூடிய சாவு எவ்வளவு என்பது கேள்வியாயின் அக்காலத்துக் கொயினாவும் உணவும் மருத்துவமனைகளும் எதைச் சாதித்திருக்கக்கூடும் என ஆராய்ந்து வேறொரு கோடு வரைதல் வேண்டும். கேள்வி கோட்டைத் தீர்மானிக்கின்றது. விரும்பிய விடை கோட்டைத் தீர்மானிக்கலாகாது.

இவ்வளவுகோலைப் பிறருக்கு வைத்தால் நமக்கும் வைத்தாகவேண்டும். சீனாவில் 1958 முதல் 1961 வரை நிகழ்ந்த பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். பின்னாளிற் சீன அரசே வெளியிட்ட இறப்பு வீதங்கள்: 1957இல் ஆயிரத்துக்கு 10.8, 1958இல் 12.0, 1959இல் 14.6, 1960இல் 25.4, 1961இல் 14.2. 1957ஐ அடிக்கோடாகக் கொண்டால் நான்காண்டு மேலதிகம் ஆயிரத்துக்கு 23. 66 கோடி மக்களுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடிச் சாவுகள். பதிவுக் குறைபாட்டைத் திருத்தியோர் 3 கோடி வரை சென்றனர். இதற்கு மறுப்பாக உற்சா பட்நாயக் போன்றோர், 1960இன் 25.4 என்பது அதே ஆண்டில் இந்தியாவின் இறப்பு வீதத்தை ஒத்ததே எனச் சுட்டினர். அவர்கள் கூறும் உண்மை முக்கியமானது. சீனாவின் பஞ்ச ஆண்டு இந்தியாவின் சாதாரண ஆண்டாக இருந்தது என்பது இந்தியாவைப் பற்றிய கடுமையான தீர்ப்பு. இதே ஒப்பீட்டைத் தலைகீழாக நிறுத்தி, சீனாவின் தாழ்ந்த இறப்பு வீதத்தை அடிக்கோடாகக் கொண்டால் இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் பேர் மேலதிகமாக இறக்கின்றனர் என்று 1989இல் ட்ரேசும் சென்னும் கணித்தனர்.

ஆனால் சீனப் பஞ்சத்தின் பலியை அளப்பதற்கு இந்தியக் கோட்டை இரவல் வாங்குவது செல்லாது. 1949இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த வீதத்தை எட்டே ஆண்டுகளில் 10.8 ஆக இறக்கியதைப் புரட்சியின் சாதனையாக நாம் எழுதியுள்ளோம், சரியாகவே எழுதியுள்ளோம். அச்சாதனைதான் அம்மக்களின் புதிய வழமை. அதை வாழ்த்துரையில் ஏற்றுக்கொண்டு, பஞ்சக் கணக்கு வரும்போது மட்டும் மறைத்துவிட்டுப் பழைய உயரத்திற் கோடு கீறினால், புரட்சி ஈட்டித் தந்த உயிர்களையே நாம் கணக்கிலிருந்து நீக்கியவராவோம்.

வங்காளத்துக்கு மீள்வோம். செல்வாக்குப் பெற்ற 30 இலட்சம் என்ற தொகை, மேற்கு வங்காளப் பதிவுகளை முழு வங்காளத்துக்கும் விரித்துப் பெறப்பட்டது. 35 இலட்சமோ, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளிற் கூடுதலாக எடுத்த மாதிரிகளை மாகாணம் முழுவதற்கும் பொருத்தியதன் விளைவு என்ற ஆட்சேபத்துக்கு அன்றே உள்ளானது. டைசனும் மகாரத்னாவும் சென்னுக்குக் கிட்டாத, பிரிவினைக்கு முந்திய முழு மாகாணத்துக்குமான பதிவுகளைப் பயன்படுத்தி 21 இலட்சம் என்றனர். என் ஆய்வேடு நூலாக வெளிவருமாயின் 35 என்பதை நீக்கிவிட்டு, ‘21 முதல் 30 இலட்சம் வரை; பஞ்சத்துக்கு முந்திய ஆண்டுகளின் இறப்பு மட்டத்துக்கு மேலாக’ என்று எழுதுவேன். இரண்டாவது தொடரை அச்சகத்தார் இடநெருக்கடி காரணமாக நீக்காதிருக்குமாறு கேட்டுக்கொள்ளவும் எண்ணியுள்ளேன்.